ஓட்டுக்கு ஒன்பது ரூபாய்

கணக்கில் வரும் தேர்தல் செலவு ஒரு கட்டிங் சாய்க்குக்கூடக் காணாது. ஆனால் ஐரோலியின் விளக்குக் கம்பங்களிலும் கைபேசிகளிலும் கொட்டுகிற விளம்பரத்துக்கு அளவில்லை. நடுவில் இருக்கும் பணம் யாருடையது?

முதலில் தயிர்ப்பானை உடைந்தது. பிறகு பிள்ளையார் வந்தார். அவரைக் கரைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நவராத்திரி. 2024 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நவி மும்பையில் வாழ்த்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. கைகூப்பிய பெரிய தலைவர், அவருக்குப் பக்கத்தில் சின்னத் தலைவர், கீழே வட்ட வட்டமாக வார்டு பிரமுகர்கள் என்று ஒரு மந்திரிசபையே ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் பேனரிலும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. 'ஓட்டுப் போடுங்கள்' என்று கேட்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் நெருங்கிவிட்டது என்பது பேனரைப் பார்த்தவர்களுக்கும் தெரியும், கட்டியவர்களுக்கும் தெரியும்.

இந்த வாழ்த்துகளில் ஒன்றுகூட தேர்தல் செலவு அல்ல. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 77ஆவது பிரிவு, வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆகும் செலவைத்தான் வேட்பாளரின் கணக்கில் எழுதச் சொல்கிறது. அந்தத் தேர்தலில் மனு தாக்கல் தொடங்கியது அக்டோபர் 22. வாக்குப்பதிவு நவம்பர் 20. எண்ணிக்கை நவம்பர் 23. ஏறக்குறைய ஒரு மாதம். அதற்கு முன் கட்டிய பேனரெல்லாம் சட்டத்தின் கண்ணில் வெறும் பக்தி.

அந்த ஒரு மாதக் கணக்குக்கும் உச்சவரம்பு உண்டு. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்ச ரூபாய் வரை செலவழிக்கலாம். ஐரோலி, திகா, ரபாலே, கன்சோலி, கோபர்கைரனே என்று விரிந்து கிடக்கும் ஐரோலி தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை நாலரை லட்சத்தைத் தாண்டியது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பது ரூபாய்கூட வரவில்லை. மக்களவைக்குப் போனால் நிலைமை இன்னும் சிக்கனம். ஐரோலியை உள்ளடக்கிய தானே மக்களவைத் தொகுதியில் சுமார் 25 லட்சம் வாக்காளர்கள். உச்சவரம்பு 95 லட்சம். தலைக்கு நாலு ரூபாய் தேறாது.

இந்தத் தொகையில் மேடை, பந்தல், நாற்காலி, வண்டி, டீசல், தொண்டர்களுக்கு வடாபாவ் எல்லாம் போக மிச்சம்தான் விளம்பரத்துக்கு. நம்பச் சொல்கிறது சட்டம். நம்புவதாகக் காட்டிக்கொள்கிறார்கள் எல்லோரும். 2019இல் மக்களவைக்கு வென்றவர்கள் கொடுத்த கணக்குகளை ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் கூட்டிப் பார்த்தது. அப்போதைய வரம்பு 70 லட்சம். சராசரியாகக் காட்டிய செலவு சுமார் 51 லட்சம். வரம்பு போதவில்லை என்று மேடைதோறும் புலம்புகிறவர்கள், கணக்கில் வரம்பைத் தொடக்கூட இல்லை.

சுவரிலிருந்து ஃப்ளெக்ஸுக்கு

முதல் பொதுத் தேர்தலில் பெரும்பாலான மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு வரம்பு 25,000 ரூபாய். 1984இல் அது ஒன்றரை லட்சம். 1994இல் நாலரை லட்சம். 1997இல் ஒரே தாவலில் 15 லட்சம். பிறகு 2003இல் 25, 2011இல் 40, 2014இல் 70, 2020இல் 77, 2022இல் 95 லட்சம். வரம்பு எப்போதும் நிஜத்தின் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவருகிற கிழவரைப் போலத்தான் இருந்திருக்கிறது.

அந்தக் காலத்துச் செலவு கண்ணுக்குத் தெரிகிற செலவு. சுண்ணாம்பு அடித்த சுவர், அதன் மேல் நீலமும் சிவப்புமாகச் சின்னம், 'இந்தச் சுவர் எங்களுக்கு' என்று ஓரத்தில் ஒரு முன்பதிவு. தலைமைத் தேர்தல் கமிஷனராக 1990 முதல் 1996 வரை இருந்த டி.என். சேஷன் காட்டிய கண்டிப்பில் சுவர்கள் மெல்ல வெளுத்தன. பொதுச் சொத்துக்களை அசிங்கப்படுத்துவதைத் தடுக்க மகாராஷ்டிரமும் 1995இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் சுவரைப் பிடுங்கிய இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. தூரிகை பிடித்த ஓவியர் ஒரு வாரம் நின்று எழுதியதை டிஜிட்டல் அச்சு சில நிமிடங்களில் துப்பியது. பேனர் மலிவானதும் தலைவர் மட்டுமல்ல, தலைவரின் நண்பருடைய மைத்துனரும் பேனருக்குள் வந்துவிட்டார்.

மேல்மட்டத்தில் மாற்றம் முன்பே தொடங்கிவிட்டது. 1984 தேர்தலில் ராஜீவ் காந்தியின் காங்கிரஸ், ரீடிஃப்யூஷன் விளம்பர நிறுவனத்திடம் பிரசாரத்தை ஒப்படைத்தது. சோப்புக்கும் பற்பசைக்கும் வாசகம் எழுதியவர்கள் தேசத்துக்கு எழுதத் தொடங்கினார்கள். நாடு பிளவுபடும் என்ற அச்சத்தை முழுப் பக்கங்களில் விற்ற அந்தப் பிரசாரம் இன்றும் விளம்பரத் துறையில் பேசப்படுகிறது. 2004இல் 'இந்தியா ஒளிர்கிறது' வந்தது. 2014இல் பா.ஜ.க.வின் 'இந்த முறை மோடி சர்க்கார்' வந்தது.

அந்தக் கடைசி வாசகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாடெங்கும் ஒரே முகம், ஒரே வரி. தொகுதியில் நிற்கிற வேட்பாளர் யார் என்ற பேச்சே அதில் இல்லை. இது விளம்பரக் கலையின் வெற்றி மட்டுமல்ல. கணக்குக்கும் வசதியானது.

கட்சிக்குக் கூரை கிடையாது

வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்குக் கிடையாது. இந்த ஓட்டை தானாக விழுந்தது அல்ல. போட்டது.

டெல்லி சதர் தொகுதியில் 1971இல் வென்ற காங்கிரஸ் வேட்பாளரின் தேர்தலை 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சி அவருக்காகச் செய்த செலவையும் அவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்றது நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு. பணபலம் உள்ள கட்சி, வேட்பாளரின் முதுகுக்குப் பின்னால் நின்று கொட்டினால் வரம்புக்கு என்ன அர்த்தம் என்பது அதன் சாரம். மத்திய அரசுக்கு இது பிடிக்கவில்லை. சில வாரங்களுக்குள் அவசரச் சட்டம் வந்தது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளரின் செலவு ஆகாது என்று 77ஆவது பிரிவில் விளக்கம் சேர்க்கப்பட்டது.

1996இல் பொதுநல வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் மறுபடி அந்தக் கதவைத் தட்டியது. வருமான வரிக் கணக்கே காட்டாத கட்சிகள் அந்த விளக்கத்தின் நிழலில் ஒதுங்க முடியாது என்றது. 2003இல் நாடாளுமன்றம் விளக்கத்தைத் திருத்தி எழுதியது. நண்பர்களுக்கு இருந்த சலுகை போனது. ஆனால் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது என்பது நிலைத்தது. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு இப்படி 40 நட்சத்திரங்கள் வரை உண்டு. ஹெலிகாப்டர் ஐரோலிக்கு மேல் பறந்தாலும் அதன் நிழல் வேட்பாளரின் கணக்குப் புத்தகத்தில் விழுவதில்லை.

நடைமுறை இதுதான். மேடையில் நட்சத்திரத்தோடு வேட்பாளர் நின்றால், பதாகையில் அவர் படமோ பெயரோ இருந்தால், செலவில் பங்கு அவர் கணக்கில் ஏறும். தலைவரும் சின்னமும் மட்டும் இருந்தால் கட்சிக் கணக்கு. கட்சிக் கணக்குக்குக் கூரை இல்லை. பெரிய விளம்பரங்களில் உள்ளூர் வேட்பாளர் அடிக்கடி காணாமல் போவதற்குத் தலைவரின் கவர்ச்சி ஒரு காரணம் என்றால் இந்தக் கணக்கு இன்னொன்று.

கூரையில்லாத வீட்டில் எவ்வளவு மழை பெய்தது என்பதைக் கட்சிகளே கமிஷனிடம் சொல்லியிருக்கின்றன. 2014 தேர்தலுக்கு பா.ஜ.க. காட்டிய செலவு 714 கோடி. காங்கிரஸ் 516 கோடி. 2019இல், கூட நடந்த சில சட்டமன்றத் தேர்தல்களையும் சேர்த்து, பா.ஜ.க. 1,264 கோடி, காங்கிரஸ் 820 கோடி. 2024இல் அதே முறையில் பா.ஜ.க. காட்டியது சுமார் 1,738 கோடி. காங்கிரஸ் சுமார் 585 கோடி. பத்து ஆண்டுகளில் ஒன்று இரண்டரை மடங்குக்கு அருகே போயிருக்கிறது. மற்றொன்று ஏறி இறங்கியிருக்கிறது.

எதில் செலவானது என்பது இன்னும் சுவாரசியம். 2024இல் பா.ஜ.க. பத்திரிகை, டி.வி., இணையம், குறுஞ்செய்தி என்று ஊடக விளம்பரத்துக்குக் கொடுத்தது சுமார் 611 கோடி. போஸ்டர், பேனர், கொடி வகையறாவுக்கு 56 கோடிக்குள். பொதுக்கூட்டம், ஊர்வலம் இரண்டுக்கும் சேர்த்து 20 கோடிக்குள். காங்கிரசும் சுமார் 410 கோடியை ஊடக விளம்பரத்தில்தான் இறக்கியது. கட்சி என்பது கூட்டம் போடுவது, ஊர்வலம் போவது என்று நினைத்திருந்தவர்கள் மாற்றிக்கொள்ளலாம். மத்தியக் கணக்கில் கூட்டத்துக்கு ஒரு ரூபாய் என்றால் விளம்பரத்துக்கு முப்பது ரூபாய்.

இதுவும் காட்டிய கணக்கு. காட்டாததும் சேர்த்து ஊடக ஆய்வு மையம் என்ற டெல்லி அமைப்பு ஒரு மதிப்பீடு செய்கிறது. 1998 தேர்தலில் எல்லாத் தரப்பின் செலவும் சுமார் 9,000 கோடி, 2019இல் 55,000 முதல் 60,000 கோடி, 2024இல் 1.35 லட்சம் கோடி என்பது அதன் கணிப்பு. 2019இல் பிரசாரத்துக்கும் விளம்பரத்துக்கும் 20,000 முதல் 25,000 கோடி போனது, வாக்காளர் கையிலேயே 12,000 முதல் 15,000 கோடி திணிக்கப்பட்டது என்றும் அது சொன்னது. மதிப்பீடு மதிப்பீடுதான். பாதியைத் தள்ளிவிட்டால்கூட, கமிஷனுக்கு வந்த கணக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு கடல் கிடக்கிறது.

பணம் வந்த வழியும் சில ஆண்டுகள் திரைக்குள் இருந்தது. 2018இல் வந்த தேர்தல் பத்திரங்கள் மூலம் 16,500 கோடிக்கு மேல் கைமாறியது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வாக்காளருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. அடுத்த மாதமே தேர்தல் தேதி அறிவிப்பு. பேனர்களுக்கான பணம் அதற்குள் கல்லாவில் இருந்தது.

5,379 ரூபாய் முதலமைச்சர்

விளம்பரம் என்று தெரிந்தால் செலவு. செய்தி என்று வந்தால்? இந்தக் கேள்வியை நாட்டுக்குக் கற்றுக்கொடுத்ததும் மகாராஷ்டிரம்தான்.

2009 சட்டமன்றத் தேர்தலின்போது முதலமைச்சராக இருந்தவர் அசோக் சவாண். அவரைப் புகழ்ந்து மராத்திப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் 'செய்திகள்' வந்தன. வெவ்வேறு பத்திரிகைகளில், வெவ்வேறு நிருபர்கள் பெயரில், ஒரே கட்டுரை எழுத்து பிசகாமல் வந்த அதிசயமும் நடந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 'தி இந்து'வில் இதைத் தொடர்ந்து எழுதினார். சவாண் தாக்கல் செய்த கணக்கில் பத்திரிகை விளம்பரச் செலவு என்று இருந்தது 5,379 ரூபாய். கேபிள் டி.வி.க்கு 6,000.

தேர்தல் கமிஷன் விசாரித்தது. நடுவில் சுப்ரீம் கோர்ட் வரை போய்த் திரும்பியது வழக்கு. 2014 ஜூலையில்தான் கணக்கு முறைப்படி இல்லை என்று கமிஷன் நோட்டீஸ் கொடுத்தது. அந்த உத்தரவையும் செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஐந்து ஆண்டுக் காலம் முடிந்து அடுத்த தேர்தலே வந்துவிட்டது. ஆனாலும் வழக்கு வீண் போகவில்லை. காசு வாங்கிய செய்தி என்பதற்கு ஒரு பெயரும், மாவட்டந்தோறும் அதைக் கண்காணிக்க ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவும் கிடைத்தன.

டி.வி.யில் கட்சி விளம்பரம் வந்த கதையும் இதே போல நீதிமன்றம் வழியாகத்தான். கேபிள் டி.வி. விதிகள் அரசியல் விளம்பரத்தையே தடுத்திருந்தன. ஆந்திரத்தில் ஜெமினி டி.வி. தொடர்பான வழக்கில் தடை தளர்ந்தது. 2004 ஏப்ரல் 13இல் உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டது: கமிஷனின் முன்சான்று இல்லாமல் எதுவும் ஒளிபரப்பாகக் கூடாது. கதவு திறந்தது, வாசலில் காவலாளி நின்றார்.

பிரிட்டனில் டி.வி.யிலும் வானொலியிலும் காசு கொடுத்துக் கட்சி விளம்பரம் செய்யவே முடியாது. கட்சிகளுக்கு இலவச நேரம் மட்டும் உண்டு. அமெரிக்காவில் அந்தத் தடை கிடையாது. 2024 தேர்தல் சுற்றில் அரசியல் விளம்பரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 1,100 கோடி டாலர் போனது. இந்தியா இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. தூர்தர்ஷனிலும் ஆகாசவாணியிலும் இலவச நேரம், மற்ற சேனல்களில் காசுக்கு நேரம். எதை ஜனங்கள் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விரல் நுனிச் சந்தை

ஐரோலியின் மைண்ட்ஸ்பேஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பேனரைப் பார்க்கிறார்கள்? ரயிலில் எல்லாத் தலைகளும் கவிழ்ந்திருக்கின்றன. தலை கவிழ்ந்த பக்கம் விளம்பரமும் கவிழ்ந்துவிட்டது.

கூகுள் நிறுவனம் வெளியிடும் விளம்பரப் பதிவேடு 2018 மே கடைசியிலிருந்து தொடங்குகிறது. 2024 ஏப்ரலில் பார்த்தபோது அதில் பா.ஜ.க. 100 கோடியைத் தாண்டியிருந்தது. இந்தியாவில் அந்தக் கோட்டைத் தொட்ட முதல் கட்சி. காங்கிரஸ் 45 கோடி. மூன்றாவது இடத்தில் இருந்தது இன்னொரு தேசியக் கட்சி அல்ல. 42 கோடியோடு தி.மு.க. மேடைப் பேச்சாலும் சுவரொட்டியாலும் சினிமாவாலும் வளர்ந்த இயக்கம், காங்கிரசுக்கு ஒட்டினாற்போல யூடியூபில் நின்றது. 2024 ஜனவரியில், மறைந்த மு. கருணாநிதி செயற்கை நுண்ணறிவின் உதவியால் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்தியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தலைவரின் குரலுக்கு இனி தலைவரே தேவையில்லை.

இணைய விளம்பரத்தின் நல்ல பக்கம், அதில் தடம் இருக்கிறது. கூகுள், மெட்டா இரண்டின் பதிவேட்டிலும் யார் பணம் கட்டினார்கள், எவ்வளவு, எந்த மாநிலத்துக்கு என்று எவரும் தேடிப் பார்க்கலாம். சுவர் விளம்பரத்தில் ஒருநாளும் கிடைக்காத வெளிச்சம். கெட்ட பக்கம், பணம் கட்டியவரின் பெயர் மட்டும்தான் தெரிகிறது. அவருக்குப் பின்னால் இருப்பவர் தெரிவதில்லை. கட்சிப் பெயரே இல்லாத பக்கங்கள், எதிரணித் தலைவரைக் கேலிச் சித்திரமாக்கி ஓட்டுகிற பக்கங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் முளைக்கின்றன, முடிவு வந்ததும் வாடுகின்றன. அவற்றின் செலவு எந்த வேட்பாளரின் ஒன்பது ரூபாயிலும் வருவதில்லை.

வாட்ஸ்அப் இன்னொரு படி மேலே. குழுக்களில் சுற்றுகிற படத்துக்கும் பாட்டுக்கும் பதிவேடே கிடையாது. தயாரிக்கிறவருக்குச் சம்பளம் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2013 அக்டோபரிலேயே கமிஷன் உத்தரவு போட்டிருக்கிறது. சம்பளம் தருவது கட்சித் தலைமையா, வேட்பாளரா, 'நலம் விரும்பி'யா என்று யார் போய்க் கேட்பது? துண்டுப் பிரசுரம் அடித்தால் அச்சகத்தார் பெயரும் வெளியிடுபவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 127ஏ பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ஆயிரம் நோட்டீஸ் அடிக்கிற சின்ன அச்சகத்துக்கு இருக்கிற பயம், பத்து லட்சம் கைபேசிகளுக்கு அனுப்புகிறவருக்கு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபரில் அரசியல் விளம்பரங்களுக்குக் கடுமையான வெளிப்படை விதிகளைக் கொண்டுவந்தது. இவ்வளவு விவரம் சொல்லி வியாபாரம் செய்வதைவிடச் செய்யாமலிருப்பது மேல் என்று கூகுளும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரத்தையே நிறுத்திக்கொண்டன. இந்தியச் சந்தையில் அந்தச் சங்கடம் இல்லை.

அரசுப் பணம், ஆட்சியின் முகம்

கட்சிப் பணமும் இல்லாமல் வேட்பாளர் பணமும் இல்லாமல் விளம்பரம் செய்ய மூன்றாவது வழி ஒன்று உண்டு. வரி கட்டுகிறவரின் பணம்.

மகாராஷ்டிர அரசு 2024 ஜூன் கடைசியில் 'லாட்கி பஹின்' திட்டத்தை அறிவித்தது. 21 முதல் 65 வயது வரையுள்ள தகுதியான பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். அந்தத் திட்டத்தை விளம்பரப்படுத்த மட்டும் சுமார் 200 கோடி ரூபாய்க்கு ஆகஸ்டில் அரசு உத்தரவு போட்டது. நன்னடத்தை விதி அமலுக்கு வந்தது அக்டோபர் 15. அதுவரை முதல்வரும் இரண்டு துணை முதல்வர்களும் பஸ்ஸிலும் பத்திரிகையிலும் சகோதரிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

பெண்களுக்குப் பணம் கிடைத்தது உண்மை. பல வீடுகளில் அது பெரிய உதவி என்பதும் உண்மை. திட்டத்தைப் பற்றி மக்களுக்குச் சொல்ல வேண்டியது அரசின் கடமை என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 200 கோடியை ஐரோலி வேட்பாளரின் 40 லட்சத்தால் வகுத்தால் 500 வருகிறது. மாநிலத்தில் இருப்பதே 288 தொகுதிகள்தான். ஆளும் தரப்பின் எல்லா வேட்பாளர்களும் சட்டப்படி செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகையையும் ஒரே ஒரு அரசு விளம்பரத் திட்டம் தாண்டிவிட்டது.

எந்த ஆட்சியும் இதில் விதிவிலக்கு அல்ல. 2004இல் 'இந்தியா ஒளிர்கிறது' ஓடியது மத்திய அரசின் செலவில்தான். தேர்தல் முடியும்வரை நிறுத்தச் சொன்னது கமிஷன். 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரங்களில் ஜனாதிபதி, பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டுமே இருக்கலாம் என்றது. மாநில அரசுகள் ஒரே குரலில் முறையிட்டன. முறையிட்டவற்றில் தமிழ்நாடும் உண்டு. பத்து மாதத்தில் முதல்வர்களும் மந்திரிகளும் படத்துக்குள் திரும்பி வந்தார்கள்.

தமிழில் ஒரு வணக்கம்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்து, பிள்ளைகள் தலையெடுத்ததும் கொஞ்சம் காற்றும் வெளிச்சமும் தேடி ஐரோலிப் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குத் தேர்தல் விளம்பரம் ஒரு வரலாற்றுப் பாடம்.

1966இல் பிறந்த சிவசேனாவின் முதல் பிரசாரமே அவர்களுக்கு எதிராகத்தான் இருந்தது. லுங்கியைத் துரத்துவோம் என்ற கோஷம் அந்தத் தலைமுறைக்கு மறக்கவில்லை. காலம் போனது, வாக்காளர் பட்டியல் நீண்டது. 2019இல் பால் தாக்கரேயின் பேரன் ஆதித்ய தாக்கரே வொர்லியில் நின்றபோது குஜராத்தியில் 'எப்படி இருக்கிறது வொர்லி?' என்று நலம் விசாரித்தன சிவசேனா பேனர்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த கேப்டன் தமிழ்ச்செல்வன் சயான் கோலிவாடாவில் 2014, 2019, 2024 என்று மூன்று முறை பா.ஜ.க. சார்பில் வென்றார். தமிழில் அடித்த நோட்டீஸ் இன்று எந்தக் கட்சிக்கும் கூச்சமான விஷயம் அல்ல.

ஆனால் விளம்பரத்தின் மொழி மாறிய அளவுக்கு அரசியலின் மொழி மாறியதா? 2026 ஜனவரி மாநகராட்சித் தேர்தலில் பா.ஜ.க.வுக்காகப் பிரசாரம் செய்ய மும்பை வந்தார் அண்ணாமலை. மும்பை சர்வதேச நகரம் என்கிற பொருளில் அவர் பேசியதைப் பிடித்துக்கொண்ட ராஜ் தாக்கரே, அறுபதுகளின் அதே லுங்கி கோஷத்தைத் தூசு தட்டி எடுத்தார். இருவருக்கும் அது இலவச விளம்பரம். விலை கொடுத்தவர்கள், வருஷக்கணக்காக மராத்தி பேசி, மராத்தி அண்டை வீட்டாரோடு பண்டம் மாற்றிக்கொண்டு வாழும் தமிழர்கள்.

கம்பத்தில் தொங்கும் ஆபத்து

பேனரின் விலை சில சமயம் ரூபாயில் இல்லை. 2024 மே 13. மும்பையின் வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம். புழுதிப் புயலில் காட்கோபரில் ஒரு பெட்ரோல் பங்க் மீது ராட்சத விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் இறந்தார்கள். அது அரசியல் பலகை அல்ல. மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் அளவு நாற்பதுக்கு நாற்பது அடி. விழுந்தது சுமார் நூற்றிருபதுக்கு நூற்றிருபது. ஒன்பது மடங்கு. நின்றது ரயில்வே போலீசின் இடத்தில். ஆகவே எங்கள் அனுமதி இல்லை என்றது மாநகராட்சி.

ஐரோலியிலும் நிலம் பல கைகளில் இருக்கிறது. சிட்கோ, மாநகராட்சி, தொழில் வளர்ச்சிக் கழகம், ரயில்வே. ஒரு பலகையைப் பற்றிப் புகார் செய்ய விரும்புகிறவர் முதலில் அது யாருடைய மண்ணில் நிற்கிறது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் பொறியாளர் லாரியில் சிக்கி இறந்தார். பேனர் வைக்க மாட்டோம் என்று கட்சிகள் வரிசையாக உறுதி சொன்னன. மும்பை உயர் நீதிமன்றத்திலும் கட்சிகள் இதே உறுதியைக் கொடுத்திருந்தன. 2017 ஜனவரியில் விரிவான தீர்ப்பும் வந்தது. 2024 நவம்பரில், தேர்தல் நேரத்தில், அதே நீதிமன்றம் அதே கட்சிகளுக்கு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

ஒரே ஊர், இரண்டு கட்சி

செலவழித்தால் வெற்றியா? 2024 நவி மும்பை ஒரு வேடிக்கையான பதிலை வைத்திருக்கிறது. ஐரோலியில் பா.ஜ.க. வேட்பாளர் கணேஷ் நாயக். பக்கத்துத் தொகுதியான பேலாப்பூரில் அவர் மகன் சந்தீப் நாயக், சரத் பவார் கட்சியின் வேட்பாளர். ஒரே குடும்பம், ஒரே நகரம், எதிரெதிர் சின்னங்கள். தந்தை பெரிய வித்தியாசத்தில் வென்று மாநிலத்தின் வனத்துறை அமைச்சரானார். மகன் 377 ஓட்டில் தோற்றார். முகம், பெயர், பேனர் பலம் இவற்றுக்கும் மேலே வாக்காளர் ஏதோ ஒரு கணக்குப் போடுகிறார் என்பதற்கு இது சாட்சி. 2004இல் ஒளிர்ந்த இந்தியாவும் அதைத்தான் சொன்னது.

பணம் வெற்றியை வாங்குகிறதோ இல்லையோ, போட்டிக்கான நுழைவுச் சீட்டை வாங்குகிறது. அதுதான் விஷயம். பேனரிலும் கைபேசியிலும் இடமில்லாத வேட்பாளர் இருக்கிறார் என்பதே வாக்காளருக்குத் தெரியாமல் போகிறது. ஐரோலியில் குடிதண்ணீரைப் பற்றியோ வீட்டு மனைப் பட்டாவைப் பற்றியோ பேச ஒரு சுயேச்சை வந்தால், ஒன்பது ரூபாய் வரம்பு அவரைத்தான் கட்டுப்படுத்தும். வரம்புக்கு வெளியே மழை பெய்யும் வீடு அவருக்கு இல்லை.

வழி தெரியாமல் இல்லை. செலவுக் கணக்கை மனு தாக்கல் நாளிலிருந்து அல்ல, தேர்தல் அறிவிக்கை நாளிலிருந்தே தொடங்கச் சொன்னது சட்டக் கமிஷனின் 255ஆவது அறிக்கை, 2015இல். கட்சிகளுக்கும் வரம்பு வேண்டும் என்று தேர்தல் கமிஷன் கேட்டிருக்கிறது. கட்சிகளுக்கு அரசே பொருளுதவி செய்யலாம் என்றது இந்திரஜித் குப்தா குழு, 1998இல். அறிக்கைகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எடுத்துத் தூசு தட்ட வேண்டியவர்கள் பேனரில் சிரித்துக்கொண்டிருப்பவர்கள்.

நவி மும்பை மாநகராட்சியின் பதவிக் காலம் 2020 மே மாதமே முடிந்துவிட்டது. ஐந்தரை ஆண்டுக்கும் மேல் மக்கள் பிரதிநிதி இல்லை; அதிகாரியின் நிர்வாகம். ஆனால் 'மாஜி நகர்சேவக்' என்ற பட்டத்தோடு வாழ்த்துப் பேனர்கள் மட்டும் ஓயவில்லை. 2026 ஜனவரி 15இல் ஒருவழியாக 111 இடங்களுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. முந்தைய தேர்தல் நடந்தது 2015 ஏப்ரலில். அப்போது முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை இதற்குள் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கும்.

வாக்குப்பதிவு முடிந்தால் பேனர்கள் கழற்றப்படும். நல்ல ஃப்ளெக்ஸ் வீணாவதில்லை. குடிசைகளின் கூரை மேல் விரித்தால் மழை ஒழுகாது, ஆட்டோவுக்குப் போர்த்தலாம், தெருவோரக் காய்கறிக் கடைக்கு நிழலாகும். தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டே யாருக்கோ கூரையாக இருப்பார். அவர் செலவழித்ததில் ஐரோலிக்கு நேரடியாகப் பயன்பட்டது அதுவாக மட்டும் இருந்துவிடக் கூடாது.